கச்சான் அடிக்காத மூன்று காலைகள்

அஸ்ஸலாமு அலைக்கும்.

என் அருமை மக்களே, ஹனீபா, சல்மா, சின்னவள் நூறா, மூன்று பேரும் ஒன்றாக இருந்து இதை வாசியுங்கள். நூறாவுக்கு இன்னும் எழுத்துக் கூட்ட ஏலாது. சல்மா வாசித்துக் காட்டட்டும். வாப்பா நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், எழுத்தில் பிழை இருக்கும். திருத்திக்கொள்ளுங்கள். விசயத்தில் பிழை இல்லை. அல்லாஹ் எனக்குச் செய்த உதவியை, நேரில் சொல்ல வாய் வராத, நான் வெட்கப்படவேண்டிய பங்கையும் சேர்த்தே எழுதுகிறேன். வெட்கத்தை மறைத்துவிட்டு உதவியை மட்டும் சொன்னால் அது பொய்ச் சாட்சி.

ஜப்பான் விமானம் வந்து சனமெல்லாம் வெருண்டோடியதே, அதற்கு அடுத்த வருசம். அந்த வருசம் நான் சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை. பரிசாரியிடம் போனேன். நாடி பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். அவர் கைக்கு அகப்படாத நோய் அது. பொறாமை. அதுவும் வேறு யாரிலும் இல்லை, உங்கள் இசுமாயில் சாச்சாவில்.

அதற்கு முன்னம் நான் எப்படி இருந்தேன் என்று உங்களுக்கு ஞாபகம் இராது. தறியில் குந்தினால் எனக்கு வேறு உலகம் தேவையில்லை. ஊடு நூலை இழுத்துக்கொண்டு நாடா இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குப் போகும். ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை என்று உடுக்கிற சாரம் வளரும். பசிக்காது. உம்மா மூன்று தரம் கூப்பிடவேண்டும். ஆனால் ஒரு குறை. என் தறியில் யாரும் கை வைக்கக் கூடாது. நீங்கள் கிட்ட வந்தாலும் விரட்டுவேன். என் சந்தோசம் எனக்கே என்று பூட்டி வைத்திருந்தேன்.

உம்மாவின் தங்கை, உங்கள் சாச்சியைக் கலியாணம் முடித்து சாச்சா ஏறாவூரிலிருந்து நம்முடைய வளவுக்கு வந்தார். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதுதானே நம்முடைய ஊர் முறை. வரும்போது தறியையும் கொண்டு வந்தார். ஓலை வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய தறி, இந்தப் பக்கம் என்னுடையது. நாடா எறிந்துகொண்டே பாட்டுப் படிப்பார். ஒரு நாள் பச்சை நூலையும் சாம்பல் நிற நூலையும் கலந்து ஒரு கரை நெய்தார். மழை இருட்டில் வாவித் தண்ணி கிடப்பதுபோல இருந்தது. எங்கள் ஒழுங்கைச் சனம், தெருவின் இரண்டு பக்கத்தாரும், முழுக்க வந்து பார்த்தது. கேட்ட ஆளுக்கெல்லாம் அந்தக் கலவையைச் சொல்லிக் கொடுத்தார். அது எனக்குப் பெரிய பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது.

நீங்கள் மூன்று பேரும் எந்த நேரமும் அங்கேதான். நான் இங்கேயிருந்து காது கொடுத்துக் கேட்பேன்.

"என்னகா அங்க சிரிப்பு?" என்று உம்மாவிடம் கேட்டேன்.

"அவரு புள்ளைகளுக்கு நாடா எறியக் காட்டிக் குடுக்கிறாரு. நீங்களும் போய்ப் பாருங்களேன்."

"எனக்கு வேலை இரிக்கி."

"அவருக்கும்தான் வேலை இரிக்கி. கூடவே சிரிப்பும் இரிக்கி."

எங்கள் ஒழுங்கையில் தறி வைத்திருந்த மீராசா காக்கா சும்மா விடுவாரா? "என்னடாப்பா, உன்ர சகலன் உன்னையும் ஒரு சாரமா நெய்து மடிச்சு வெச்சிருவான் போல இரிக்கே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நெஞ்சுக்குள் கொள்ளிக்கட்டை.

அன்று அஸர் தொழுதுவிட்டுக் கையேந்தினேன். என்ன கேட்டேன் தெரியுமா? "யா அல்லாஹ், இவனுடைய கையை மந்தமாக்கு. இவனை வந்த வழியே அனுப்பு." தொழுத பாயில் இருந்தே கேட்டேன், மக்களே.

ஆனி மாதம் கச்சான் தொடங்கியது. கச்சான் காற்று மேற்கேயிருந்து வாவிக்கு மேலால் அடிக்கும். நெருப்புக் காற்று. நெசவுகாரனுக்கு அது சத்துரு. நீட்டு நூல் முழுவதையும் ஒழுங்கையில் இழுத்துக் கட்டி, கஞ்சி பூசி, உலர்த்தித்தானே தறியில் ஏற்றுகிறோம். அந்த நீட்டு நூல்தான் பாவு. கச்சான் பட்டால் கஞ்சி சட்டென்று காய்ந்து நூல் மொறுமொறுத்து உடையும். அதற்காகக் கஞ்சியில் தேங்காய் எண்ணெய் சேர்க்கவேண்டும். எவ்வளவு, எந்தச் சூட்டில் என்பது என் கைப்பக்குவம், ஒழுங்கையில் ஒருவருக்கும் சொன்னதில்லை. சாச்சாவுக்கு அது தெரியாது. அவருடைய ஊரில் மர நிழலில் பாவு விரித்துப் பழகினவர். எங்கள் ஒழுங்கை வாவிப் பக்கம் ஆவென்று திறந்து கிடக்கும்.

அவர் வந்து கேட்டார். "காக்கா, கச்சானுக்கு எப்படிக் கஞ்சி காய்ச்சுவீங்க?"

"கஞ்சி கஞ்சிதான். அரிசியப் போட்டுக் காய்ச்சு" என்றேன்.

யாருடைய பாவு என்றாலும் விடிகாலைச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஒழுங்கை ஆண்கள் எல்லாரும் வந்து பிடிக்கவேண்டும். வராதவன் பகையாளி. அதனால் நானும் போனேன். மேற்கு அந்தத்தில் கம்பைப் பிடித்தேன். கஞ்சி பூசி வந்தார்கள். வெயில் ஏறியது. கச்சான் எழும்பியது. பெருவிரலால் நூலைத் தடவினேன். வைக்கோல்போலச் சரசரத்தது. அந்த இடத்தில் நிறுத்தி, எண்ணெய்த் துணியால் ஒரு தரம் துடைத்திருந்தால் பாவு பிழைத்திருக்கும். கிழக்கு அந்தத்திலிருந்து அவர் கூப்பிட்டுக் கேட்டார்.

"காக்கா, எப்படி இரிக்கி?"

"நல்லா இரிக்கி" என்றேன்.

அந்த இரண்டு சொல்லும் இன்றைக்கும் என் காதில் கேட்கும்.

தறியில் ஏற்றிய நாளிலிருந்து நூல் அறுந்தது. நாடா நாலு தரம் போகும், நிற்கும். முடிச்சுப் போடுவார். மறுபடி ஐந்து தரம், நிற்கும். ஒவ்வொரு தரமும் நிற்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு தித்திப்பு. பாட்டும் நின்றது. யுத்த காலம், நூல் பங்குக்குத்தான் கிடைக்கும். அடுத்த பங்கு எப்போது என்று ஒருவருக்கும் தெரியாது. பிறகு ஒரு நாள் நாடாச் சத்தமே கேட்கவில்லை.

வியாழக்கிழமை லுஹர் தொழுகைக்குப் பிறகு சாச்சா வந்து வாசலில் நின்றார். "காக்கா, நாளைக்கு ஜும்மா முடிஞ்சா நாங்க ஏறாவூருக்குப் போறம். தறிய நீங்க எடுத்துக்கங்க. நான் மாட்டு வண்டில்ல கூலிக்கு நிப்பன்."

"ஏன்?"

"இந்த வேலைய எனக்குப் புடிக்கும் காக்கா. அதுக்குத்தான் என்னப் புடிக்கல்ல போல."

நான் கேட்ட துஆ கபூலாகிவிட்டது. கேட்டபடியே. கை மந்தமாகி, வந்த வழியே போகிறார். நான் துள்ளியல்லவா இருக்கவேண்டும்? என் தறியில் போய்க் குந்தினேன். கால் மிதிக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் சாச்சி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. வேலி இடுக்கால் பார்த்தால், நீங்கள் மூவரும் அந்த ஆளில்லாத தறிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தீர்கள். அப்போதுதான் விளங்கியது. இத்தனை மாதமும் நான் நெய்தது நெசவில் இருந்த ஆசையால் அல்ல. அந்தச் சத்தத்தைத் தோற்கடிக்க. அது நின்றதும் எனக்கு நெய்ய ஒரு காரணமும் இல்லை. அவருடைய வேலையைப் பறித்தேன் என்று நினைத்தேன். என்னுடையதும் போய்விட்டது.

வெள்ளி சுபஹுக்குப் பள்ளிவாசலில் சுஜூதில் விழுந்து அழுதேன். "றப்பே, நான் முன்னம் கேட்டதைத் திருப்பி எடுத்துக்கொள். அவருக்கு அவருடைய வேலையைக் கொடு. எனக்கு என் வேலையின் சந்தோசத்தைக் கொடு. எப்படி என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்."

வெளியே வந்தால், தண்ணித் தொட்டியடியில் அவர் கால் கழுவிக்கொண்டு நிற்கிறார். சலாம் சொல்லத்தான் வாய் திறந்தேன். வந்தது வேறு.

"இசுமாயில், அண்டைக்குக் கஞ்சியில எண்ணெய் இல்ல. எனக்குத் தெரியும். தெரிஞ்சிட்டுத்தான் நல்லா இரிக்கி எண்டு சொன்னன்."

அவர் ஈரக் கையைச் சாரத்தில் துடைத்தார். "நாப்பது முழப் பாவு, காக்கா" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

மன்னிப்புக் கிடைக்காது என்றுதான் வீட்டுக்கு வந்தேன். வெயில் நன்றாக ஏறின பிறகு கஞ்சி காய்ச்சுகிற பானையோடு வந்து நின்றார். முகம் கறுத்திருந்தது.

"மன்னிக்கிறத மறுகா பாப்பம். முதல்ல சொல்லுங்க, மிச்சப் பாவக் காப்பாத்த ஏலுமா?"

ஏலும் என்றேன். ஆனால் பாவைத் தறியிலிருந்து இறக்கி, அறுந்ததையெல்லாம் முடிந்து, திரும்ப விரித்து, எண்ணெய்க் கஞ்சி மெல்ல மெல்ல ஊறவேண்டும். மூன்று காலை பிடிக்கும். மூன்று காலையும் கச்சான் அடிக்கக் கூடாது. கச்சானோ இருபது நாளாக ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது.

ஏறாவூர்ப் பயணம் நின்றது. சனிக்கிழமை சுபஹு முடிந்து ஒழுங்கைக்கு வந்தோம். மக்களே, ஓர் ஓலை அசையவில்லை. பிறகு கடல் பக்கமிருந்து ஈரக்காற்று, நூலைத் தடவிக் கொடுப்பதுபோல வந்தது. ஞாயிறும் அப்படி. திங்களும் அப்படி. திங்கள் காலை பாவைச் சுருட்டி வீட்டுக்குள் வைத்த பிறகுதான் கச்சான் வந்து வேலியை உலுப்பியது. காற்று தன்பாட்டில் மாறியது என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். நான் யாரிடம் கேட்டேன் என்று எனக்குத் தெரியும்.

அந்த மூன்று காலையும் நான் ஒழுங்கை நடுவில் நின்று எண்ணெய்க் கணக்கை எல்லாருக்கும் சொன்னேன். மீராசா காக்கா, "பொண்டாட்டிக்கும் சொல்லாதவன், இண்டைக்குத் தமுக்கடிச்சுச் சொல்லுறான்டாப்பா!" என்றார். இந்தத் தரம் உண்மையாகவே சிரித்தேன். சாச்சாவும் நானும் எதிரெதிரே குந்தி முடிச்சுப் போட்டோம். முதல் நாள் அவர் பேசவில்லை. இரண்டாம் நாள் "இதப் புடிங்க" என்றார். மூன்றாம் நாள் பாட்டுத் தொடங்கினார். என் வாயும் அதோடு முணுமுணுப்பதைப் பிறகுதான் கண்டேன். அடுத்தவனுடைய பாவில் கை வைத்து எனக்கு அப்படி ஒரு சந்தோசம் அதற்கு முன் வந்ததே இல்லை.

பொறாமை அடியோடு போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. இப்போதும் எட்டிப் பார்க்கும். பார்த்தால் எழும்பிப்போய் அவருடைய தறியடியில் குந்திவிடுவேன். அடங்கிவிடும். என் தறியிலும் இப்போது நீங்கள் கை வைக்கிறீர்கள். சல்மா நெய்த கோணல் சாரத்தைத்தான் நான் உடுக்கிறேன்.

நீங்களும் ஒரு வேலையை நேசிப்பீர்கள். உங்களை விட ஒருவன் அதை நன்றாகச் செய்வான். நெஞ்சு எரியும். அப்போது அவனுக்கு எதிராகக் கேட்காதீர்கள், அதுவும் கிடைத்துவிடும். அந்த எரிவை அப்படியே கொண்டுபோய் அல்லாஹ்விடம் வையுங்கள். அவன் தருவான். எனக்குத் தந்தான், அல்ஹம்துலில்லாஹ்.

அந்தத் திங்கள் பின்நேரம் வேலிக்கு அந்தப் பக்கம் நாடா ஓடத் தொடங்கியது. நான் ஒருவருக்கும் சொல்லாமல் ஒழுங்கைக்குப் போனேன். மறுநாள் மீராசா காக்காவின் பாவு முறை. கிழக்கு அந்தத்திலிருந்து மேற்கு அந்தம் வரைக்கும் குனிந்தபடி, கஞ்சி பூசுகிறவர்கள் வெறுங்காலோடு நடக்கும் இடத்திலிருந்த நெருஞ்சியையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப்போட்டேன்.