இரண்டு காசிலும் ஒரே வடு

அந்தக் காசு போலி. போலி என்று தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. ஆரோக்கியம் செத்ததற்கு நான்தான் காரணம்...

ராயபுரத்தில் என்னைக் 'காசு சார்' என்பார்கள். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். பழங்காசு சேர்க்கும் பைத்தியம் பிடித்தவன். ஆரோக்கியம் எங்கள் தெருக்காரன். அறுந்து விழுந்த நங்கூரங்களைக் கடலில் மூழ்கி எடுத்துக் கொடுப்பது அவன் தொழில். காட்டுப்பள்ளிக்கு அப்பால் மூழ்கியபோது கிடைத்ததென்று ஒரு வெள்ளிக்காசைக் கொண்டுவந்தான். ஞாயிறு பூசை முடிந்த நேரம். கோயில் வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

"இன்னா சார், நெசமாவே ஏசு காலத்துத் துட்டா இது?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

எடை போட்டேனா? விளிம்பை லென்சில் பார்த்தேனா? இல்லை! அரசன் தலையைக் கண்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "ரோமாபுரிக் காசு. அசல்!" என்று அத்தனை பேர் முன்னால் அறிவித்தேன். சனம் காசைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. எனக்கும் ஒரு கும்பிடு விழுந்தது. அது எவ்வளவு இனித்தது தெரியுமா உங்களுக்கு!

அடுத்த மாதம் இன்னொரு காசோடு என் வீட்டுக்கே வந்தான். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன்... அரசனின் காதுக்குக் கீழே ஒரு வடு. இரண்டிலும் அதே இடம், அதே அளவு! புழக்கத்தில் அடிபட்ட வடு ஒரு காசுக்குத்தான் சொந்தம். அது இரண்டிலும் இருந்தால், ஏதோ ஓர் அசல் காசிலிருந்து அச்செடுத்து இரண்டையும் வார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். விளிம்பில் அச்சு சேர்ந்த கோடுகூட இருந்தது. எவனோ கொண்டுபோன போலிச் சரக்கு கடலில் விழுந்திருக்க வேண்டும்.

"ஒரு பானையே கீது போல சார் அங்க. இன்னும் ஆழமா முங்கிப் பாக்கறேன்" என்றான்.

அப்போதே சொல்லியிருக்கலாமே! ஆனால் அன்று கும்பிட்டவர்கள் நாளைக்குச் சிரிப்பார்களே... தலையை ஆட்டி அனுப்பிவைத்தேன். அவன் உடல் எண்ணூர்ப் பக்கம் கரை ஒதுங்கியது.

அவன் மனைவி ஸ்டெல்லா ஒரு காசை அவன் கையில் வைத்துத்தான் அடக்கம் செய்தாள். மற்றது மாதா படத்தருகே இருக்கிறது. "ஏசு காலத்துத் துட்டுக்காவப் பூட்டாரு" என்று சொல்லிச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்கிறாள். அந்த ஆறுதலை நான் எப்படிப் பிடுங்குவேன்? இப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் நம்பாதீர்கள். அவள்மேல் எனக்குள்ள இரக்கத்தைவிட என் பெயர்மேல் எனக்குள்ள ஆசை பெரிது!

நேற்று அவள் தன் கொழுந்தன் சேவியரை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"நாளிக்கு இவுரும் அங்க முங்கப் போறாராம் சார். அண்ணன் வுட்டத எடுக்கணுமாம். வேணாம்னு சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு."

சேவியர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். காரணம் சொல்லாமல் அவனைத் தடுக்க முடியாது. காரணத்தைச் சொன்னால்...

"பாத்து முங்குப்பா" என்றேன்.

இன்று காலை படகு போய்விட்டது. நான் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.