லைப்ரரி கிடைக்கவில்லை

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் நாங்கள் இரண்டு பேர் பாடம் எடுத்தோம். தொண்ணூறுகளின் கடைசி அது. நான் பாலவனத்தத்திலிருந்து வருவேன், அவன் பரளச்சியிலிருந்து. கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். சி மொழியில் அவன் ஒரு நிரல் எழுதினால் அதில் திருத்துவதற்கு எதுவும் இருக்காது.

கல்லூரி நாட்களிலேயே வெளிச்சம் மங்கினால் அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பான். மாலைக்கண் என்று சொல்லிச் சமாளிப்பான். சென்டரில் சேர்ந்த பிறகு பகலிலேயே நாற்காலிகளில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தான். மதுரையில் பார்த்த டாக்டர், விழித்திரை தேய்ந்துகொண்டே வருகிறது, இதற்கு வைத்தியம் இல்லை, சொந்தத்தில் கல்யாணம் முடிக்கிற குடும்பங்களில் இது அதிகம் என்றார். அவன் அம்மா, அவன் அப்பாவுக்குச் சொந்த மாமன் மகள். அதைக் கேட்ட நாளிலிருந்து அம்மா அவனோடு உட்கார்ந்து பேசுவதில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு, விண்டோஸுக்குப் பதிலாக மெஷினில் போடுகிற லினக்ஸ் சிடி ஒன்று வந்தது. எழுத்தை வாசித்துக் குரலாகச் சொல்கிற நிரல் அதில் இருந்தது. ஆனால் மூல வடிவத்தில் மட்டும். அதை நாங்களே கம்பைல் செய்து, அதாவது மெஷினுக்குப் புரிகிற வடிவத்துக்கு மாற்றி, ஓட வைக்க வேண்டும்.

"இது மட்டும் ஓடிருச்சுன்னா நான் வேலைய விட வேண்டாம்லே" என்றான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சென்டருக்கு விடுமுறை. ஸ்பீக்கர் வைத்த ஒரே மெஷினில் உட்கார்ந்தோம். முதலில் கன்ஃபிகர் என்ற சின்ன நிரலை ஓட்ட வேண்டும். அப்படி மாற்றித் தரும் கம்பைலர் இருக்கிறதா, லைப்ரரிகள் என்கிற, முன்பே எழுதி வைத்த துணை நிரல்கள் இருக்கின்றனவா என்று அது மெஷின் முழுக்கத் தேடி, வரிவரியாகச் சொல்லிக்கொண்டே போகும். திரையில் எழுத்து ஓடுவது அவனுக்குத் தெரியும், என்ன எழுத்து என்று தெரியாது. நான் வாசிப்பேன். அவன் தட்டச்சு செய்வான்.

முதல் நாள் ஆரம்பத்திலேயே நின்றுவிட்டது. கம்பைலரால் ஓடக்கூடிய நிரலை உருவாக்க முடியவில்லை என்றது.

"கம்பைலர் கெட்டுப்போச்சு போல" என்றேன்.

"அதக் குத்தம் சொல்லாத. என்ன செஞ்சு பாத்துச்சுன்னு லாக் ஃபைல்ல எழுதி வச்சிருக்கும். கடைசியில இருந்து வாசி."

வாசித்தேன். அடிப்படை லைப்ரரியின் ஒரு பகுதியே இல்லை. டிஸ்க்கில் இடம் போதாதென்று லினக்ஸ் போடும்போது நாங்கள்தான் விட்டிருந்தோம். சிடியிலிருந்து அதை ஏற்றினோம். அடுத்த வாரம் கம்பைலரே மறுத்தது. நிரல் பழையது, கம்பைலர் புதியது. சிடியில் பழைய கம்பைலரும் இருந்தது.

"எந்தக் கம்பைலர்னு நாமதான் கன்ஃபிகருக்குச் சொல்லணும். சொல்லலைன்னா அது கண்ணுல மொதல்ல படுறத எடுத்துக்கிரும்."

அதுவும் சரியாயிற்று. குரலுக்கான லைப்ரரியைத் தனியாகக் கம்பைல் செய்து ஓர் இடத்தில் வைத்தோம். ஆனால் எல்லாவற்றையும் இணைக்கிற கடைசிப் படியில், லைப்ரரி கிடைக்கவில்லை என்று வந்தது. மறுபடி ஓட்டினோம், மறுபடியும் அதேதான். அவன் கீபோர்டை ஓங்கிக் குத்தினான்.

"இங்கதானலே இருக்கு! நாமதானலே வச்சோம்! அதுக்கு ஏன் தெரிய மாட்டேங்குது?"

அதிலிருந்து கழன்று கீழே விழுந்த ஓர் எழுத்துப் பட்டனைத் தேடி எடுத்து மாட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து அவனே, "எடத்தச் சொல்லாம விட்டுட்டோம். பாதையக் குடுத்துப் பாப்போம்" என்றான். பாதையைக் கொடுத்ததும் இணைந்தது. ஓட்டினால், மீண்டும் லைப்ரரி கிடைக்கவில்லை. இணைக்கும்போது காட்டிய இடம் ஓடும்போது அதற்குத் தெரிவதில்லை, தேட வேண்டிய இடங்களில் அதையும் தனியே பதிந்து வைக்க வேண்டும் என்பது எங்களுக்குப் பிடிபட மேலும் ஒரு ஞாயிறு போயிற்று.

ஒருவழியாக அது பேசியது. மூக்கடைத்த வெள்ளைக்காரன் பேசுவதுபோல ஓர் ஆங்கிலம். அவன் ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ போடு" என்றான். போட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகும்வரை அதையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னான்.

பிறகு ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பழகினான். என் உதவியில்லாமல் பையன்களின் நிரல்களைக் கேட்டே தப்புச் சொல்லும் அளவுக்கு வந்தான். முதலாளியை அழைத்து வந்து காட்டினோம். கீழே இருந்த ஜவுளிக்கடையும் அவருடையதுதான். ஹெட்ஃபோனை வாங்கித் தன் காதிலும் வைத்துப் பார்த்தார்.

"மெஷினு பேசுறதெல்லாம் பெரிய விசயந்தான் தம்பி. ஆனா பிள்ளைகளச் சேக்க வாரவுக, வாத்தியாருக்குக் கண்ணு தெரியலைன்னு பாத்தா மறுநா நிறுத்திருவாக. யாவாரம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"பாடத்துல எதுவும் குறை சொன்னாகளாண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"பாடத்தப் பத்தி யாருய்யா பேசுனா?"

அவன் ஹெட்ஃபோனைக் கழற்றி, வயரைச் சுருட்டி மேஜைமேல் வைத்தான். பஸ் ஏற்றிவிடப் போனபோது என் தோளைப் பிடிக்கவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே மாடிப்படி இறங்கினான். மறுநாளிலிருந்து சென்டருக்கு வரவில்லை.

அந்த மெஷினை அவனுக்கு விட்டுத்தரும்படி கேட்டுப் பார்த்தேன். முதலாளி சம்மதிக்கவில்லை. பரீட்சைக் காலத்தில் எல்லா மெஷினும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமென்று டிஸ்க்கை அழித்து விண்டோஸ் போட்டுவிட்டார்கள். பேசுகிற நிரலும் அதோடு போயிற்று.

சில வருஷம் கழித்து, திருச்சுழியில் அவன் டெலிபோன் பூத் போட்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டுப் போனேன். அதற்குள் பார்வை முழுதும் போயிருந்தது. வெயிலில் சூடேறிய தகரப் பெட்டிக்குள் பனியனோடு உட்கார்ந்திருந்தான். பேசுகிற நிரலோடு புதிய சிடி ஒன்று வந்திருக்கிறது, இதில் கம்பைல் செய்யக்கூட வேண்டாம், அப்படியே ஓடும் என்று ஆரம்பித்தேன்.

"ஏலே, என்னயப் பாக்க வந்தா சாப்புட்டியான்னு கேளு, உங்க பக்கம் மழை உண்டான்னு சொல்லு" என்றான். "அது வேண்டாம்."

மழை இல்லை என்று சொன்னேன். யாரோ மல்லாங்கிணறுக்குப் போன் போட வந்தார். அவன் விரலால் தடவி எண்களை அழுத்தத் தொடங்கினான். நான் சிடியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன்.