வெயிலில் வைத்த நீலம்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியின் சாய லேபில் எனக்கு வேலை. அங்கே பெண் நான் ஒருத்திதான். கல்யாணம் வரைக்கும்தான் இருப்பாள் என்றார்கள். குழந்தை பிறந்த பிறகும் இருந்தேன்.

ஒருமுறை தோல் வாங்க வந்த வெளிநாட்டுக்காரர் யூதர். அவர் சட்டைக்கடியில் வெள்ளை நூல் குஞ்சங்கள் தொங்கின. ஞாயிறு பள்ளியில் பைபிளின் எண்ணாகமம் படித்தவள் நான். குஞ்சத்தில் ஒரு நீல நூலும் வேண்டும் என்று அதில் இருக்கிறதே, எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன். மேனேஜர் முறைத்தார். வந்தவர் கோபப்படவில்லை. அந்த நீலத்தை ஒரு கடல் உயிரிலிருந்து எடுத்தார்களாம். எது என்பதே மறந்துபோயிற்றாம். ஒருவகைச் சங்காக இருக்கலாம், ஆனால் அதில் ஊதாதான் வருகிறது என்றார். செடியிலிருந்து எடுக்கும் அவுரி நீலம் இதற்குச் செல்லாதாம்.

"ஊதா வருதுன்னா நீலமும் வரும்" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ, சொல்லியாயிற்று.

பழவேற்காட்டில் டீச்சராக இருந்த என் தங்கை, மீன்வலையில் சிக்கும் முள் சங்குகளை ஐஸ் வாளியில் கொண்டுவந்தாள். உடைத்தால் உள்ளே சிறு சுரப்பி. அதன் வெளிறிய சாறு காற்றுப் பட்டதும் பச்சையாகி, பிறகு ஊதாவாகும். சோடா உப்பும், சாயம் கரைக்கும் ஹைட்ரோஸ் பவுடரும் போட்டு அதைக் கரைத்துக் கம்பளி நூலை நனைத்தேன். ஊதா. அடுத்த வாளியிலும் ஊதாவேதான்.

மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "இன்னாம்மா பேஜாரு இது? லேபுல நிக்க முடியல."

"பச்சைத் தோல் நாத்தத்துல உக்காந்து சோறு தின்றோம் சார். இது மட்டும் நாறுதா?"

"பேச்சு ஜாஸ்தியாய்டுச்சு. எடுத்துக்கினு வெளிய போ."

"போறேன் சார். ஆனா நிறுத்த மாட்டேன்."

தோல் காயும் களத்தின் ஓரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, சாயக் கரைசலைக் கண்ணாடிக் குடுவையோடு அதன்மேல் வைத்தேன். கத்திரி வெயில். சாப்பிட்டுவிட்டு வந்து நூலை நனைத்து எடுத்தேன். மஞ்சள் பச்சையாக வந்தது, கண்ணெதிரிலேயே நீலமாக மாறியது. ஊதாவின் சாயல்கூட இல்லை.

"அவுரி கலந்துட்ட" என்றார் மேனேஜர்.

மறுபடியும் சங்கு வரவழைத்தேன். அவரை நிற்கவைத்துக்கொண்டே கரைசலை இரண்டாகப் பிரித்தேன். ஒன்றைக் கொட்டகைக்குள்ளும் ஒன்றை வெயிலிலும் வைத்தேன். கொட்டகையில் இருந்ததில் நனைத்த நூல் ஊதா. வெயிலில் இருந்ததில் நனைத்தது நீலம். அவர் இரண்டு நூலையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனார். லேபுக்குள் அதைத் தொடக்கூடாது என்ற உத்தரவை மட்டும் கடைசிவரை மாற்றவில்லை. மாற்றச் சொல்லி நானும் கேட்கவில்லை.

மறு வருஷம் அந்த யூதர் வந்தார். நூலை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கியது. ஆனால் குஞ்சத்தில் கட்டிக்கொள்ளவில்லை, தங்கள் மதப் பெரியவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார்.

"அது உங்க பாடு. நீலம் வந்துடுச்சு" என்றேன்.

எப்படி என்று பார்க்க ஆசைப்பட்டார். களத்துக்கு அழைத்துப்போய், சாயக் குடுவையை ஸ்டூல்மேல் வைத்தேன். வெயிலில் அவர் முகம் சிவந்துவிட்டது. மேனேஜர் பதறி, குடையை விரித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"தள்ளிப் புடிங்க சார்" என்றேன். "குடுவை மேல நிழல் வுழுது."