தண்ணீர்ப் பையில் வந்த மருந்து

அந்தக் கோடையில் தினமும் காலையில் என் முதல் வேலை, மகளின் வாயை மோந்து பார்ப்பது. "ஊது சாமி" என்பேன். தூக்கக் கலக்கத்தில் என் மூக்குக்கு நேரே ஊதுவாள். சாதாரண வாய் நாற்றம் அடித்தால் எனக்கு உயிர் திரும்பி வரும். பழம் அழுகுகிற மாதிரி ஒரு தித்திப்பு வாடை அடித்தால் ஆபத்து. இன்சுலின் போதாமல் ரத்தம் கெட்டுப்போவதற்கு அதுதான் அடையாளம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாடைக்குப் பிறகு வாந்தி வரும், மயக்கம் வரும் என்றார். அதற்குப் பிறகு என்ன என்று கேட்டேன். அவர் பேனாவை மூடிப் பைக்குள் செருகிக்கொண்டார்.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் திருச்செங்கோட்டில் குடியிருந்தோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் சைக்கிள் கடை வைத்திருந்தார். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அவள் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்ததைப் பார்த்துத்தான் நோயே தெரிய வந்தது. சர்க்கரை வியாதி என்றதும் பக்கத்து வீட்டுக்காரி, "அது மெத்தையில படுக்கற பெரிய மனுசனுக்கு வர்ற நோவாச்சே, உம்புள்ளைக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள். நான் வாங்கிக்கொண்டு வந்தேன் என்று நினைத்தாள் போல. அன்றிலிருந்து அவளோடு எனக்குப் பேச்சு கிடையாது.

இனிப்பு என்கிற சொல்லையே வீட்டில் யாரும் எடுப்பதில்லை. பொங்கலுக்குக்கூட வெண்பொங்கல்தான். கண்ணாடி ஊசிக் குழாயைக் கொதிக்கவைத்து, தொடையில் நானே ஊசி போடக் கற்றுக்கொண்டேன். மருந்துச் சீசாவை எண்ணெய்த் துணியில் முடிந்து, ஈர மணல் போட்ட மண்சட்டிக்குள் புதைத்து, தண்ணீர்ப் பானைக்கு அடியில் வைத்திருப்பேன். சூடு பட்டால் மருந்து செத்துப்போகும் என்பார்கள். ஐஸ் பெட்டி எல்லாம் எங்களுக்கு ஏது? அவளுடைய மூத்திரத்தை நீலத் திராவகத்தில் சொட்டுவிட்டு விளக்கில் காய்ச்சிப் பார்ப்பதும் என் வேலைதான். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று மாறினால் கவனமாக இருக்க வேண்டும். செங்கல் நிறம் வந்தால் சர்க்கரை தலைக்கு மேல் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி அந்தப் பங்குனியில் நின்றுபோனது. மருந்து எங்கேயும் இல்லை. சேலத்தில் நாங்கள் வழக்கமாக வாங்கும் மருந்துக் கடையில் கையை விரித்தார்கள். ஈரோட்டில் கேட்டோம், நாமக்கல்லில் கேட்டோம். கப்பல் வரவில்லை என்றான் ஒருவன். வெளிநாட்டுச் சரக்குக்குக் கெடுபிடி என்றான் இன்னொருவன். "அடுத்த வாரம் வந்து பாருங்கம்மா" என்று மூன்றாவது கடைக்காரன் சொன்னபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அடுத்த வாரம் வரைக்கும் மூச்சு விடாமல் இருடா பார்க்கலாம் என்று நினைத்தேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேனோ என்று பயந்து படியிறங்கிவிட்டேன்.

இருக்கிற சீசாவைக் குறைத்துக் குறைத்துப் போடச் சொன்னார் டாக்டர். மருந்தைக் குறைத்தால் சோற்றையும் குறைக்க வேண்டும். கீரை, மோர், ஒரு முட்டை, அவ்வளவுதான். நாங்கள் சாப்பிடும் வாசனை அவளுக்குப் போகக் கூடாது என்று நானும் வீட்டுக்காரரும் கடைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டோம். திரும்பி வந்தால் என் கையைப் பிடித்து மோந்து பார்த்து, "புளிக்கொழம்பாம்மா?" என்று கேட்பாள். நான் அவள் வாயை மோந்து பார்ப்பேன், அவள் என் கையை மோந்து பார்ப்பாள்.

என் தம்பி நாமக்கல்காரர் ஒருவருடைய லாரியில் டிரைவராக இருந்தான். பம்பாய்க்கு லோடு ஏற்றிப் போகிறவன். அவனிடம் டாக்டரின் சீட்டைக் கொடுத்தோம். "எந்த அளவுல கெடச்சாலும் வாங்கிட்டு வரச் சொல்லுங்க. வெயில் மட்டும் படக் கூடாது" என்றார் டாக்டர். அந்த மருந்தில் நாற்பது என்று ஒரு வகை, எண்பது என்று ஒரு வகை உண்டு. நாற்பதைவிட எண்பதுக்கு இரண்டு மடங்கு வீரியம். என் தம்பி சீட்டைச் சட்டைப் பையில் வைத்து ஊக்குப் போட்டுக் குத்திக்கொண்டான். "அக்கா, என்னப் பெத்த ஆயி மாதிரி அவ எனக்கு. மருந்தில்லாம இந்த ஊருக்குள்ள கால் வெக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் வருவதற்குள் சீசா காலியாகிவிட்டது. அடியில் ஒட்டியிருந்த சொட்டைக்கூட உறிஞ்சிப் போட்டுவிட்டேன். அடுத்த நாளே அவள் குடம் குடமாகத் தண்ணீர் கேட்டாள். மறுநாள் காலையில் "ஊது சாமி" என்றேன். ஊதினாள். பழ வாடை குப்பென்று அடித்தது. வீட்டுக்காரர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்டரின் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன். மலைக்கோயிலைப் பார்த்துக் கும்பிடக்கூடத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். "இது தாங்காதும்மா. மருந்து வேணும்" என்றார் டாக்டர். அவள் வயிறு உள்வாங்க உள்வாங்கப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கும்.

அந்த நேரத்தில் முன்பின் தெரியாத ஒரு லாரி டிரைவர், சைக்கிள் கடையில் விசாரித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்து நின்றார். கையில் ஒரு தண்ணீர்ப் பை. லாரியின் முன்பக்கம் தொங்கவிட்டிருப்பார்களே, தடித்த கேன்வாஸ் பை, காற்றுப் பட்டுத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும், அதேதான். "அக்காங்க, உங்க தம்பிக்குப் பம்பாய்ல திரும்பி வர லோடு கெடைக்கலீங்க. மருந்து வாங்குனதும் பொறப்படற வண்டில குடுத்து உட்டுட்டாரு. பூனாவுல ஒரு வண்டி, பெங்களூர்ல ஒரு வண்டின்னு கை மாறிக் கை மாறி எங்கிட்ட வந்துச்சுங்க" என்று சொல்லிப் பைக்குள் கையை விட்டார். துணியில் முடிந்த ஒரு சீசாவை எடுத்தார். ஈரம் சொட்டியது.

எனக்கு அவர் காலில் விழத் தோன்றியது. டாக்டர் சீசாவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார். அவர் முகம் மாறிவிட்டது.

"லேபிள் எங்கப்பா?"

லேபிள் இல்லை. அத்தனை ஊர் தண்ணீருக்குள்ளேயே கிடந்து வந்ததில், காகிதம் ஊறிக் கரைந்துபோயிருந்தது. துணியில் கொஞ்சம் கூழ் மாதிரி ஒட்டியிருந்தது. ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை.

"ஏனுங்க, மருந்துப் பாட்டலை யாராச்சும் தண்ணிக்குள்ள போடுவாங்களா?" என்று கத்தினேன். ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்கவில்லை.

அந்த மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டார். "வெயில் படக் கூடாதுன்னு உங்க தம்பி சத்தியம் வாங்கிட்டாருங்க. லாரில குளுமையான எடம் இது ஒண்ணுதானுங்க. பம்பாய்ல இருந்து ஒரு வண்டிக்காரனும் இந்தப் பையில ஒரு வாய் தண்ணி குடிக்கலீங்க. தெறந்தா குளுமை போயிரும்னு."

வீட்டில் மணலுக்குள் புதைத்து வைத்தவள்தானே நானும்.

"தெளிவா இருக்கு, மருந்து கெடலை" என்றார் டாக்டர். "ஆனா நாற்பதா எண்பதான்னு தெரியலையேம்மா." எண்பதை நாற்பது என்று நினைத்துப் போட்டால் இரண்டு மடங்கு ஏறிவிடும். சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, அதிலும் உயிர் போகும். தம்பி எந்த ஊரில் எந்த லாரிக்குக் காத்திருக்கிறானோ, கேட்கவும் வழியில்லை.

எண்பது என்றே வைத்துக்கொண்டு குறைவாகப் போட்டார். காத்திருந்தோம். உச்சி வெயிலுக்கு மூத்திரத்தைக் காய்ச்சினார். செங்கல் நிறம் அப்படியே இருந்தது. பழ வாடையும் அப்படியே இருந்தது. "இது நாற்பதாத்தான் இருக்கணும். இன்னும் போட்டாத்தான் புள்ள பிழைக்கும்" என்று சொல்லி மறுபடி நிறைய ஏற்றினார். பிறகு என்னிடம் திரும்பி, "வெல்லத் தண்ணி கரைச்சுக் கையில வெச்சுக்கோ. கை நடுங்குனாலோ, ஜில்லுனு வேர்த்தாலோ உடனே குடுக்கணும், என்னையக் கூப்புடணும்" என்றார்.

சித்திரை வெயில். ஊரே வேர்த்து வழிகிறது. அதில் எந்த வேர்வை ஆபத்தான வேர்வை என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? வீட்டுக்காரர் விசிறியை எடுத்து விடாமல் விசிறினார். நான் நெற்றியைத் துடைப்பேன், புறங்கையை வைத்துப் பார்ப்பேன், சூடாக இருக்கிறது. மறுபடி துடைப்பேன். அந்த டிரைவர் லாரியை ரோட்டோரம் விட்டுவிட்டு, வாசற்படியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். எனக்கு அன்றைக்கு இருந்த பயம் வாழ்நாளில் வேறெப்போதும் வந்ததில்லை. பிள்ளை பெற்றபோதுகூட இல்லை.

வெயில் சாயும் நேரத்தில் அவள் மூச்சு அடங்கிச் சீரானது. குனிந்து மோந்தேன். பழ வாடை குறைந்திருந்தது. அப்பாடா என்று நிமிர்கிறேன், அவள் மேலுதட்டில் பொடிப்பொடியாக வேர்வை. தொட்டேன். ஜில்லென்று இருந்தது. அவள் விரல்கள் கிடுகிடுவென்று ஆடின.

"டாக்டரே!" என்று நான் போட்ட கூச்சல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். அவர் ஓடி வருவதற்குள் தலையைத் தூக்கி மடியில் வைத்து, வெல்லத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். முதல் வாய் கடைவாயில் வழிந்தது. "வேர்த்துப்போச்சு சாமி, வெல்லத் தண்ணி முழுங்கு கண்ணு, உன்னக் கும்புடறேன்" என்று கெஞ்சினேன். இரண்டாவது வாயைத் தொண்டைக்குள் இறக்கினாள். மூன்றாவது வாய்க்கு அவளே உதட்டைக் குவித்தாள்.

டாக்டர் நாடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். நடுக்கம் மெல்ல நின்றது. "எண்பதும்மா" என்றார். அவர் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. பிளாஸ்திரித் துண்டு ஒன்றைக் கிழித்து, பேனாவால் எண்பது என்று பெரிதாக எழுதிச் சீசாவில் ஒட்டினார். வாசலில் அந்த டிரைவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு விசும்பினார்.

அவள் கண்ணைத் திறந்தாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதற்குள் இருந்ததைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சினாள். எத்தனை காலம் கழித்து அந்த நாக்கில் தித்திப்பு பட்டதோ. முகமெல்லாம் மலர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அம்மா, மறுபடி எப்பம்மா எனக்கு இப்புடி வேர்க்கும்?"

"வாயில அடி போடுவேன், பேச்சப் பாரு!" என்று திட்டினேன். திட்டிக்கொண்டே, டம்ளரின் அடியில் கரையாமல் ஒட்டியிருந்த வெல்லத்தை விரலால் வழித்து அவள் நாக்கில் வைத்தேன்.