பதினோரு மணிச் சிரிப்பு

என் இடுப்பில் அந்தப் பெட்டி வந்து உட்கார்ந்த மாதத்தில் சிரித்த அளவுக்கு நான் அதற்கு முன்னும் சிரித்ததில்லை, பின்னும் சிரித்ததில்லை. பாதிச் சிரிப்பு சந்தோஷத்தில் வந்தது. மீதி, சர்க்கரை இறங்கிப்போனதில் வந்தது. எது எது என்று பிரித்துச் சொல்ல அப்போது எனக்கே தெரியாது.

எண்பதுகளின் கடைசி. பிரெஞ்சுப் பட்டாளத்துக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டுப் பாரிசுக்குப் போன அக்கா, ஐந்து வருஷம் கழித்து ஒரு மாத லீவில் ரெட்டியார்பாளையம் வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளைகளுக்கு ஸ்கூல் இருந்ததால் அத்தானிடம் விட்டுவிட்டுத் தனியாகத்தான் வந்தாள். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை. சூட்கேசைத் திறந்து, சாக்லேட்டுக்கும் சென்ட் பாட்டிலுக்கும் அடியிலிருந்து சோப்பு டப்பா அளவில் ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தாள். இன்சுலின் பம்ப்.

எனக்குப் பதிமூன்று வயதிலிருந்து சர்க்கரை. காலையும் சாயங்காலமும் கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைத்துக் குத்திக்கொள்வேன். குத்திய அரைமணியில் சாப்பிட்டே ஆகவேண்டும். கல்யாண வீடுகளில் முதல் பந்தியில் வெட்கமில்லாமல் போய் உட்காருகிறவள் நான்தான். இந்தப் பெட்டியோ நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக மருந்தை உடம்புக்குள் விடுமாம். சாப்பிடும்போது ஒரு பட்டனை அழுத்தினால் சாப்பாட்டுக்கு வேண்டியதைத் தனியாகக் கொடுக்குமாம். இரண்டு மணிக்குப் பசித்தால் இரண்டு மணிக்குச் சாப்பிடலாம். கடைசிப் பந்தியில் கூட உட்காரலாம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ஏதாவது கோளாறுன்னா இங்க பார்க்க ஆள் கிடையாது. உங்க அக்கா கிளம்பறதுக்குள்ள மூணு நாள் சேர்ந்தாப்பல சர்க்கரை ஒழுங்கா நிக்கணும். இல்லேன்னா பெட்டி அவங்களோடவே ஊருக்குப் போகட்டும், நீ பழையபடி ஊசியே போட்டுக்கோ" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் வெளியே வந்ததும் அவர்மேல் எனக்குக் கெட்ட கோபம் வந்தது.

பெட்டியோடு வந்த புத்தகம் பிரெஞ்சில் இருந்தது. அதனால் அக்காதான் எஜமானி. "சாப்பாட்டுப் பட்டன் மட்டும் உன்னுது. மத்த எதையும் தொடாத" என்று சொல்லிவிட்டாள். விடியற்காலையில் உடம்பு தானாகவே சர்க்கரையை ஏற்றிவிடுமாம். அதைப் பிடித்து நிறுத்த, நாலு மணியிலிருந்து எட்டு மணிவரை கொஞ்சம் கூடுதலாக விடும்படி வைத்தாள். இனிக் காலையில் சர்க்கரை ஏறாது என்றாள்.

மறுநாள் காலை விரலைக் குத்தி, ரத்தத்தைப் பட்டையில் தொட்டுவைத்து, பாட்டில்மேல் ஒட்டியிருந்த நிறங்களோடு ஒப்பிட்டோம். கரும்பச்சை. எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. "அலோர், அப்படின்னா இன்னும் கொஞ்சம் கூட்டணும்" என்று அக்கா விடியற்காலை அளவைக் கூட்டினாள். அடுத்த நாளும் ஏறியிருந்தது. மறுபடி கூட்டினாள். ஆனால் தினமும் பதினோரு மணி ஆனால் போதும், சர்க்கரை சரசரவென்று இறங்கி எனக்குக் கிறுகிறுவென்று வரும். கிறுகிறுப்பு வந்தால் நான் அழமாட்டேன், சிரிப்பேன். டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்கு. ஒருநாள் பதினோரு மணிக்கு எல்லோருடைய தாளிலும் 'பிரமாதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு தாளில் ஓர் எழுத்துக்கூட அடித்திருக்கவில்லை. முதலாளி எனக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்து, ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்.

இதற்கு நடுவில் அக்காவின் கைக்கடிகாரம் வேறு. வந்த நாளிலிருந்து அதை அவள் திருப்பிவைக்கவே இல்லை. பாரிஸ் மணிதான் ஓடும். அம்மா வைத்திக்குப்பத்து மீனைக் குழம்பு வைத்து ஊற்றும்போது, அக்கா மணிக்கட்டைப் பார்த்து, "இப்ப பசங்க கிளாசுல உக்காந்திருப்பாங்க" என்பாள். அந்தக் கடிகாரத்தின்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. வந்தும் வராத மாதிரி இருக்கிறாளே என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் கிளம்ப ஆறு நாள் இருந்தது. சுவர்க் கடிகாரம் பதினொன்று அடித்தது. எனக்குச் சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. அம்மா சர்க்கரைத் தண்ணியோடு ஓடிவந்தாள். அக்கா ரத்தத்தைப் பட்டையில் வைத்து, நிறம் மாற நிமிஷம் எண்ண மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். பழக்கதோஷம், "ஏழரை. பசங்க பையை மாட்டிட்டுக் கிளம்பியிருப்பாங்க" என்றாள். நான் சிரித்துக்கொண்டே, தொடக்கூடாத பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருந்தேன். கிறுகிறுப்பில் யாருக்கும் அடங்கமாட்டேன். ஒரு பட்டனுக்கு, பெட்டியின் சின்னத் திரையில் மணி வந்தது. அதிலும் ஏழரை.

"அக்கா, பொட்டியும் பாரிஸ்லதான் இருக்குது" என்றேன்.

அவள் திரையைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். முதல் நாள் பேட்டரி போட்டதும் பெட்டி மணி கேட்டிருக்கிறது. அக்கா மணிக்கட்டைப் பார்த்து அழுத்தியிருக்கிறாள். பாரிசில் விடிகிறபோதுதான் என் உடம்புக்குக் கூடுதல் மருந்து போயிருக்கிறது. அப்போது இங்கே ஏழரையிலிருந்து பதினொன்றரை. விடியற்காலைக்கு என்று நாங்கள் கூட்டக் கூட்ட, அத்தனையும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து என்னைத் தூக்கிப் போட்டிருக்கிறது.

அக்கா தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள். அம்மாவும் ஒன்றும் புரியாமலே சிரித்தாள். எனக்குச் சர்க்கரை ஏறிய பிறகும் சிரிப்பு நிற்கவில்லை.

பெட்டியின் மணியை மாற்றி, கூட்டியதையெல்லாம் குறைத்து, முதல் நாள் வைத்த அளவுக்கே கொண்டுவந்தாள். வேலை முடிந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி, அதன் திருகையும் இழுத்துச் சுற்றினாள். மூன்றரை மணி நேரம் முன்னால் வந்தது.

"அதை ஏன்க்கா?" என்றேன்.

"இன்னும் ஆறு நாள் இருக்குதில்ல. இங்கியே இருந்துட்டுப் போறேன்" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டேன். பெட்டி நடுவில் இடித்தது.

அடுத்த மூன்று நாளும் காலையில் பட்டை இளம்பச்சைதான் காட்டியது. டாக்டர் குறிப்புகளைப் பார்த்து, "அப்படி என்ன மாத்தினீங்க?" என்று கேட்டார். மணியை மாற்றினோம் என்றோம். அவரும் சிரித்துவிட்டு, பெட்டி இங்கேயே இருக்கட்டும் என்றார். அன்று நாங்கள் இரண்டரை மணிக்குச் சாப்பிட்டோம். வேண்டுமென்றேதான்.

மெட்ராஸ் போகிற டாக்சி வாசலில் வந்து நின்றது. அக்கா ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, "மணி என்னடி?" என்றாள். அவள் கையில் கடிகாரம் இருந்தது. நான் பெட்டியை எடுத்துப் பட்டனை அழுத்திப் பார்த்து, பதினொன்று என்றேன்.

"சிரிப்பு வருதா?"

"வரலக்கா" என்றேன்.

அவள் கடிகாரத்தின் திருகை இழுத்துப் பின்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தாள்.