ஏட்டையா வீட்டு வியாழக்கிழமை

மம்சாபுரத்தில் பருத்தி மூட்டையைத் தூக்கிப் போடுகிற ஆண்பிள்ளைகள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் பரிபூரணத்தைப் போல ஆளைப் புரட்டிப் போடுகிறவர் ஒருத்தரும் கிடையாது. யாரிடமும் பந்தயம் கட்டிச் சொல்லலாம்.

அவள் புருஷன் ஜேசுதாசன், போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தெட்டாம் வருஷத்து மழைக்காலத்தில் வாதம் அடித்து, வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் நின்றுபோனது. முதுகில் புண் வராமல் அவரைப் பகலும் இரவும் புரட்ட வேண்டும். பிள்ளைகள் இல்லை. ஆகவே பரிபூரணத்துக்குத் தூக்கமும் இல்லை.

சபையார் கைவிடவில்லை. கோயிலுக்கு வரமுடியாதவர் என்று, வியாழக்கிழமை ஜெபக்கூட்டத்தையே அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். இருபது பேர் வருவார்கள். இருபது பேருக்கும் கருப்பட்டிக் காப்பி, அவித்த பயறு. போன பிறகு வீடு கூட்டிப் பாத்திரம் விளக்க வேண்டும்.

ஒரு நாள் கஞ்சியைத் துப்பினார் என்று ஏட்டையாவின் கையில் சுளீரென்று அடித்துவிட்டாள். மறுநாள் அடுப்படியில் உட்கார்ந்தபடியே கண் அசந்து, முந்தானையில் தீப் பிடித்தது. பக்கத்து வீட்டு வெள்ளத்தாய்தான் ஓடிவந்து தண்ணீரைக் கொட்டினாள்.

"ஏட்டி, இப்படியே போனா அவியளுக்கு முந்தி நீ போயிருவ. செத்த நேரம் படேன்!"

"நான் படுத்தா அவியள யாரு பொரட்டுவா?"

சபையை நடத்தும் உபதேசியார் ஞானரத்தினத்திடம் பரிபூரணம் கேட்டுப் பார்த்தாள். "இந்த வாரம் கூட்டத்தைக் கோயில்லயே வச்சுக்கிடுங்களேன்."

"அதெப்படி ஏட்டம்மா? ஒங்களத் தனியா விட்டுருவோமா? நாங்க வந்தா ஒங்களுக்கு ஆறுதலா இருக்கும்லா!"

அந்த வியாழக்கிழமையும் வந்தார்கள். உபதேசியார் ஜெபத்தைத் தொடங்கினார். நோயாளிகளுக்காக, விதவைகளுக்காக, மழைக்காக, சர்க்காருக்காக என்று அது போய்க்கொண்டே இருந்தது. இருபது பேரும் கண்ணை மூடியிருந்தார்கள். பரிபூரணம் மட்டும் திறந்து பார்த்தாள். எழுந்தாள். புறவாசல் வழியாக வெள்ளத்தாய் வீட்டுக்குப் போய், வைக்கோல் மேல் விழுந்தாள்.

ஆமென் சொல்லிக் கண் திறந்தபோது காப்பியும் இல்லை, அவளும் இல்லை. கட்டிலிலிருந்து வாடை வந்தது.

"ஏட்டம்மா எங்க?"

வெள்ளத்தாய் புறவாசலில் வந்து நின்றாள். "எங்க வீட்டுல தூங்குதா. எழுப்ப வந்தா வெளக்கமாத்தை எடுப்பேன்."

"அப்போ இவியள..." என்று உபதேசியார் கட்டிலைப் பார்த்தார்.

"இம்புட்டுப் பேரு இருக்கீகள்லா, சாமி!"

இரண்டு பேர் நைசாக நழுவினார்கள். நாலு பேர் சேர்ந்து பிடித்தும் ஏட்டையாவை ஒழுங்காகப் புரட்ட முடியவில்லை. ஒருவர் காலை இழுத்தால் இன்னொருவர் தலையை விட்டார். கடைசியில் உபதேசியார் ஜிப்பாக் கையைச் சுருட்டிவிட்டு, தானே வெந்நீர் வைத்துத் துடைத்தார். ஏட்டையா கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். வெட்கமோ என்னவோ, வாய் திறந்து சொல்ல வழியில்லையே.

விளக்கு வைக்கிற நேரத்தில் பரிபூரணம் பதறி ஓடிவந்தாள். ஏட்டையாவுக்கு வேட்டி மாற்றியிருந்தது. உபதேசியார் கட்டிலருகே விசிறியோடு உட்கார்ந்திருந்தார்.

"ஏட்டம்மா, ஒத்தையில எப்படித்தான் இத்தன நாளும்..." என்றார்.

அவள் புருஷனின் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம் இல்லை. அடியில் மடங்கிக் கிடந்த வலது கையை மட்டும் மெல்ல வெளியே இழுத்து வைத்தாள்.

"இன்னும் செத்த நேரம் இருங்க. தலைக்குக் குளிச்சிட்டு வாரேன்" என்றாள். உபதேசியார் சரி என்று சொல்லும் முன்பே வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.