சுவாதிக்குத் தெற்கே ஒரு மங்கிய விண்மீன்

சுவாதிக்குச் சற்றுத் தெற்கே, கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் ஒரு விண்மீன் இருக்கிறது. ஆரஞ்சு நிறப் பெருமீன். சூரியனைப் போலப் பத்து மடங்குக்கு மேல் அகலம். மேற்பரப்பின் சூடு மட்டும் சூரியனைவிட ஆயிரம் டிகிரிக்கு மேல் குறைவு. நடுவிலிருந்த ஹைட்ரஜன் தீர்ந்து வீங்கிப்போனது. தூரத்தால் நமக்கு வெறும் புள்ளி. நிறம் பைனாகுலரில்தான் தெரியும்.

செவிலிமேட்டிலிருந்து தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வேனை நான் ஓட்டிவந்தேன். சென்ற பங்குனியில் கண் மருத்துவர், கண்ணில் அழுத்தம் கூடி நரம்பு கெடத் தொடங்கிவிட்டது என்றார். பக்கப் பார்வைதான் முதலில் போகும், போவது உங்களுக்கே தெரியாது என்றார். பார்வையை அளந்து பார்க்க அடுத்த மாதம் வரச் சொன்னார். நான் போகவில்லை. பார்வை போதாதென்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டால் வேனை விட்டு இறங்க வேண்டும்.

மங்கிய விண்மீனை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும். சற்று விலகிப் பார்த்தால் ஓரப் பார்வையில் சிக்கும். அதையே என் பரிசோதனையாக்கிக்கொண்டேன். வானம் தெளிந்த முன்னிரவுகளில் பாலாற்று மணலில் நின்று ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்ப்பேன். நாட்குறிப்பில் தேதி, மணி, எந்தக் கண் என்று எழுதி, எதிரே 'தெரிந்தது' என்பேன். எல்லாப் பக்கத்திலும் அதே சொல்.

ஆனியில் ஒரு வெள்ளிக்கிழமை பைனாகுலரோடு என் மனைவியும் வந்தாள். இடது கண்ணை மூடிக்கொண்டு, "தெரியுது" என்றேன். பேனாவைத் திறந்தேன்.

அவள் பைனாகுலரை இறக்கவில்லை. "எதுங்க தெரியுது? சுவாதி மட்டுந்தான் இருக்குது. பக்கத்துல மேகம் நின்னுக்கினு இருக்குது."

வாங்கிப் பார்த்தேன். மேகம்தான்.

"மேகத்துக்குள்ள பூந்து பாக்கறீங்களா? நல்ல கண்ணுதான் போங்க" என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

விண்மீன் இருக்கும் இடம் எனக்கு மனப்பாடம். அங்கே ஒரு புள்ளியை நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து பக்கங்களைப் புரட்டினேன். எந்தத் தேதிவரை உண்மையாகப் பார்த்தேன்? எல்லாம் ஒரே கையெழுத்து, ஒரே உறுதி. ஒவ்வொரு காலையும் இருட்டு விலகுமுன் பதினெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

தொழிற்சாலை மேற்பார்வையாளருக்குப் போன் செய்து, நாளைக்கு வேறு டிரைவரைப் பாருங்கள் என்றேன்.

"திடுதிப்புன்னு சொன்னா ஆளுக்கு நான் எங்கபா போவேன்? காய்ச்சலா?"

"கண்ணு, சார். பக்கத்துல வர்றது தெரியல."

"எப்போலேர்ந்துபா?" என்றார்.

நாட்குறிப்பு மடியில் திறந்துதான் இருந்தது. என்னால் ஒரு தேதி சொல்ல முடியவில்லை.